ஆறு பானை, ஒரு கம்பி

எங்கள் வரிசையில் ஆறு வீடுகள். ஆறுக்கும் சேர்த்து ரேடியோ ஒன்று. அது கிழக்குக் கோடியில் ஹெட் கிளார்க் வீட்டு முன்னறையில், பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் ஆனால் மற்ற ஐந்து வீட்டுச் சனமும் அந்த முன்னறையில்தான். ஷிப்டு முடிந்தவர்கள் சுரங்கத்துச் சேற்றுக் காலோடு வருவார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்து, மூன்று பாட்டு கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

கிளார்க் வீட்டம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வந்தவர்களைப் போங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒரு நாள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"சொல்லுதேன் கேளு தம்பி. இருபது பேருன்னா நாப்பது காலு. அம்புட்டுச் சேறும் எங்க பாய்லதான். நேத்து எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் விட்டு வந்து, உள்ள நுழைய எடமில்லாம அடுக்களை வழியா வாராரு. நீ கரண்டு படிக்கவன்லா? கம்பியக் கிம்பிய இழுத்து, அவங்கவங்க வீட்டுலயே பாட்டு கேக்குதாப்ல செஞ்சு குடேன். புண்ணியமாப் போவும்."

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். காடாம்புலியூர்ப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போன எங்கள் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அதனாலோ என்னவோ, யாராவது 'நீதான் படிச்சவனாச்சே' என்று தொடங்கிவிட்டால் அதன்பின் எதைக் கேட்டாலும் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், தந்தி படித்துச் சொல்லியிருக்கிறேன். மாட்டுக்குக் கழிச்சல் என்று ஒருவர் கேட்டபோது கூட ஏதோ சொல்லியிருக்கிறேன். மாடு பிழைத்துக்கொண்டது.

அப்போது நான் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிக்கல் அப்ரென்டிஸ். தங்கியிருந்தது அக்கா வீட்டில், வரிசையில் நான்காவது. அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சுரங்கத்தில் பெல்ட்டுக்குக் காவல். வெட்டிய மண்ணையும் கரியையும் சுமந்து மைல் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட் அது. ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரி கொட்டும் இடத்தில் மாமா நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட் ஒரு பக்கமாக நழுவினால் பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்து நிறுத்த வேண்டும். மற்றபடி வேலை ஒன்றும் இல்லை. அதுதான் அந்த வேலையின் கஷ்டமே. எட்டு மணி நேரம் ஒரே வேகத்தில், ஒரே சத்தத்தில், ஒரே திசையில் ஓடுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவருக்கும் கண் சொக்கும்.

மாமாவுக்குச் சொக்கிவிட்டது. போன மாதம் இரவு ஷிப்டில் உட்கார்ந்தபடியே கண் அசந்து, மெமோ வாங்கினார். இன்னொரு முறை பிடிபட்டால் விசாரணை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அக்காவும் மாமாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அந்த மெமோவை அக்கா மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது என்ன சொல்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மாமாவுக்கு இரவு ஷிப்டு வரும் வாரங்களில், பகலில் அவர் தூங்குவதுதான் எங்கள் வீட்டின் பெரிய காரியம். பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் கழுவுவாள்.

இது எல்லாம் தெரிந்துதான் நான் கம்பி இழுத்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மந்தாரக்குப்பத்தில் கல்யாணத்துக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் டிரான்ஸ்பார்மர் கருகிய ஆம்பிளிஃபயர் ஒன்று மூலையில் கிடந்தது. "எடுத்துக்கினு போ, எடமாவது மிஞ்சும்" என்றார். ஒரு மாதம் உட்கார்ந்து சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினேன். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள் ஆறு அவரிடமே கிடைத்தன. கம்பிக்குக் குறைவில்லை. சுரங்கத்தில் வெடி வைத்தபின் மிஞ்சிப்போகும் மெல்லிய கம்பி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் துணிக்கொடியாக இருந்தது. துணிகளை இறக்கி வைத்துவிட்டுக் கொடிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க ஈரத் துணி வேலிமேல் காய்ந்தது.

ஸ்பீக்கரை வெறுமனே வைத்தால் தகரத்தில் தட்டியது போல் ஒலிக்கும். மண்பானை வாய்மேல் கவிழ்த்து வைத்தால் குரலுக்கு ஒரு கனம் வரும். வீட்டுக்கு ஒரு பானை வேண்டும் என்றேன். அதில் போட்டி வந்துவிட்டது. கிளார்க் வீட்டம்மா, ரேடியோவே தன் வீட்டில் இருந்தும், "எல்லாருக்கும் பானை, எங்களுக்கு மட்டும் கிடையாதா?" என்று தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய பானையையே காலி செய்து கொடுத்தார். அக்கா கருவாட்டுப் பானையைக் கொடுத்தாள். எத்தனை கழுவியும் பயனில்லை. எங்கள் வீட்டில் மட்டும் செய்திகள் வஞ்சிரம் மணத்தோடு வந்தன.

இனி நான் செய்த கணக்கு. ஆம்பிளிஃபயரின் முதுகில் 'பதினாறு ஓம்' என்று எழுதியிருந்தது. அதாவது அதோடு சேரும் ஸ்பீக்கர்களின் தடை கிட்டத்தட்ட அவ்வளவு இருக்க வேண்டும்; ரொம்பக் குறைந்தால் ஆம்பிளிஃபயர் மறுபடி கருகும். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் மூன்று ஓம். ஆறையும் தனித்தனியாக ஆம்பிளிஃபயரோடு சேர்த்தால் தடை அரை ஓமுக்கு இறங்கிவிடும். பூச்சரம் மாதிரி ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாலோ, ஆறு மூன்று பதினெட்டு. புத்தகத்தில் இருந்த கணக்கு என் வரிசைக்கென்றே போட்டது போல் இருந்தது. கிளார்க் வீட்டில் கிளம்பும் கம்பி, ஆறு பானைகளையும் தொட்டுக்கொண்டு கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து சேரும். காகிதத்தில் ஸ்கேல் வைத்துப் படம் வரைந்தேன். ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்த இன்ஸ்ட்ரக்டரிடம் காட்ட வேண்டும் என்று எண்ணம்.

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படியேதான் போட்டிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சூடாக ஒரு நிமிஷம். பிறகு ஆறு பானைகளும் ஒரே நேரத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தன. இலங்கையிலிருந்து வரும் சினிமாப் பாட்டு. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் பாட்டு நம்மோடு கூடவே நடந்து வந்தது. ஆறு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். கிளார்க் மட்டும், "ஒரு ரேடியோ லைசென்சுக்கு ஆறு வீட்டுல கேக்குதே. யாரும் வந்து கேட்டா?" என்று கவலைப்பட்டார். அவர் மனைவி, "வந்தா அவுகளுக்கும் ஒரு பானை வச்சுக் குடுப்போம்" என்றுவிட்டு, மாதக்கணக்கில் காணாத தன் பாயை விரித்து நடுவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் மாமாவுக்கு இரவு ஷிப்டு.

மறுநாள் நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது வரிசை முழுக்க வெளியில் நின்றது. பாட்டு நின்று நாலு மணி நேரம் ஆகிறதாம்.

"எட்டு மணிக்கு நல்லாத்தான் பாடிக்கினு இருந்திச்சு. பத்து நிமிசத்துல தொண்டையப் புடிச்சாப்ல நின்னுபோச்சு" என்றாள் ஐந்தாவது வீட்டு ஃபிட்டரின் சம்சாரம்.

"யாரோ கம்பியில துணி காயப்போட்டுட்டா" என்றார் கிளார்க் வீட்டம்மா.

"எங்க கொடியத்தான் நீங்க எடுத்துக்கினீங்களே, அப்புறம் எங்கேந்து காயப்போடறது?"

கோத்த சரத்தில் ஓரிடத்தில் அறுந்தால் முழுச் சரமும் ஊமையாகிவிடும். திருவிழாவில் போடும் சின்ன பல்பு மாலை அப்படித்தான் அவியும். இதுவும் புத்தகத்தில் இருந்தது, அடுத்த பக்கத்தில். ஒரு முழத் துண்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் அந்தத் துண்டால் சேர்த்துப் பார்ப்பது. சேர்த்ததும் மற்ற வீடுகளில் பாட்டு வந்தால் அறுந்த இடம் அதுதான். பின்னால் பெண்கள் ஊர்வலமாக வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்காரி, "எங்க வூட்டுல யாரும் தொடலீங்க" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அக்கா மட்டும் வாசலை மறித்து நின்றாள்.

"இங்க வாணாம்டா. தூங்கறாரு."

எட்டிப் பார்த்தேன். மாமா மல்லாந்து, வாய் திறந்து, பத்து வருஷக் கடனைத் தீர்ப்பது போல் தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை முஷ்டி நெஞ்சுமேல் இருந்தது. முஷ்டிக்குள்ளிருந்து என் கம்பியின் முனை அரை சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

பூனை மாதிரிப் போய், அந்த முனையையும் பானையின் மறுபக்கத்துக் கம்பியையும் என் துண்டுக் கம்பியால் சேர்த்தேன். மற்ற ஐந்து வீட்டிலும் பாட்டு எழுந்தது. எங்கள் பானை மட்டும் பேசவில்லை. மாமாவும் அசையவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு சுவிட்சு. தூங்குகிறவர் அதைத் தள்ளினால் கம்பி அவர் பானையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அவர் வீடு ஊமை, மற்ற வீடுகளுக்குப் பாட்டு. அன்று சாயங்காலமே ஆறு சுவிட்சும் மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பகல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் பிளாக்குக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போதே ஒரு பெண்ணின் குரல், "கத்தரிக்காயை நான்காகப் பிளந்துகொள்ளவும்" என்றது. சைக்கிளை மிதிக்க மிதிக்கக் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. தெருமுனையில் வாட்ச்மேன் ஒருவர் நின்று, பிளந்த கத்தரிக்காயில் அடுத்து என்ன வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். காலையில் மாமா முதலில் சுவிட்சைத் தள்ளினார். எங்கள் பானை அடங்கியது. ஆனால் ஆறு பானைக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்த ஆம்பிளிஃபயர் இப்போது ஐந்துக்குப் பங்கிட்டது. ஐந்தும் சற்றுச் சத்தமாகின. அந்தச் சத்தம் பொறுக்காமல், ஃபிட்டர் சம்சாரம் தன் சுவிட்சைத் தள்ளினாள். நாலு பானைக்கும் இன்னும் கூடியது. மூன்றாவது வீட்டில் பிள்ளை அழுதது, அவர்களும் தள்ளினார்கள். ஆளாளுக்கு நிறுத்த நிறுத்த மிஞ்சியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தினார்கள். கடைசியில் ஆறு வீட்டுக்கான சத்தமும் ஒரே பானைக்குள் போய்ச் சேர்ந்தது. கிளார்க் வீட்டம்மாவின் தண்ணீர்ப் பானை. ஆம்பிளிஃபயர் கருகாமல் தாக்குப் பிடித்தது என் அதிர்ஷ்டம்.

நான் போனபோது பானை ஸ்டூல்மேல் துள்ளிக்கொண்டிருந்தது. "நீங்களும் நிறுத்துங்கம்மா" என்று கத்தினேன்.

"எல்லாரும் நிறுத்திட்டாகன்னா நானும் நிறுத்தணுமா? பெட்டி எங்களுதுல்லா!"

"சத்தத்தையாவது கொறைங்க!"

"கொறைச்சா, அவுக மறுபடி போடும்போது கேக்கலைனு கத்துவாக. காலேலேந்து நாலு தடவ ஏத்தி எறக்கி என் கையி..."

டப்பென்று ஒரு சத்தம். பானை கழுத்திலிருந்து அடிவரை பிளந்தது. கத்தரிக்காயைப் போலவே நான்காக.

எங்கள் வீட்டு வாசலில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத் துண்டு. கண் இரண்டும் கொவ்வைப்பழம். என்னைப் பார்த்தார், திட்டவில்லை. "எண்ணெயில வதக்கணுமாம் மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் ஷிப்டு முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமலேயே அக்காவிடம் சொன்னார்.

"நின்னுக்கினே தூங்கிட்டேன். கண்ணத் தொறந்தா ஃபோர்மேன் டார்ச் மூஞ்சில அடிக்குது. பேர நோட்டுல எழுதிக்கினாரு. மெமோ இன்னும் குடுக்கல. 'இந்த வாரம் முடியட்டும், இன்னொரு தபா பாத்தேன்னா ரெண்டையும் சேத்து மேல அனுப்பிடுவேன்'னாரு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அத்தினியும் அவுத்துப் போடு."

"அக்கா, ஒரு நாள் குடு. தப்பு எங்கன்னு தெரிஞ்சிபோச்சு."

"மொத நாளும் தெரிஞ்சிதான்டா செஞ்ச!"

அன்றைக்கு ஆம்பிளிஃபயரின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஊரின் நிசப்தத்தை நானே பையில் எடுத்துப் போவது போல் இருந்தது. ஆனால் ஆம்பிளிஃபயர் ஊமையானால் என்ன, ரேடியோ தானாகவே பாடும். பானைக்குப் பழகியவர்கள் பாட்டில்லாமல் இருப்பார்களா? பத்து மணிக்கெல்லாம் எங்கள் வீடு தவிர மற்ற நாலு வீட்டுக்காரர்களும் பழையபடி கிளார்க் வீட்டு முன்னறையில். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று ரேடியோவின் காதைக் கடைசிவரை திருகி வைத்தார்களாம். போகவர மாமாவின் தலைமாட்டு ஜன்னல் ஓரமாகத்தான் வழி. சாயங்காலம் கிளார்க் வீட்டம்மா பாயை உதறிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். மாமா அரைகுறைத் தூக்கத்தோடுதான் அன்று வேலைக்குப் போனார். அக்கா தூக்கில் சோற்றோடு பச்சை மிளகாயும் வெங்காயமும் கூடுதலாக வைத்து, "கண்ணு சொக்கினா மொளகாயக் கடி" என்று சொல்லி அனுப்பினாள்.

என் கணக்கில் விடுபட்டது எது என்று புத்தகம் சொன்னது. ஒரு பானையை நிறுத்தினால் அதன் மூன்று ஓமும் கணக்கிலிருந்து போய்விடுகிறது. ஆகவே, ஸ்பீக்கர் நின்றதும் அதன் இடத்தில் அதே மூன்று ஓமுக்கு ஒரு கம்பிச் சுருள் வந்து உட்கார வேண்டும். ஆம்பிளிஃபயருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. பழைய கரண்டு அடுப்பின் சுருளை அளந்து அளந்து ஆறு துண்டாக வெட்டினேன். மீட்டரில் ஒவ்வொன்றும் மூன்று காட்டியது. இன்ஸ்ட்ரக்டரிடம் காட்ட வைத்திருந்த படத்தைக் கிழித்துப் புதிதாக வரைந்தேன்.

வியாழக்கிழமை அது வேலை செய்தது. நான் அரை நாள் லீவு போட்டு நின்று பார்த்தேன். ஒருவர் நிறுத்தினார், மற்றவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று பேர் நிறுத்தினார்கள். மீதி மூன்று அப்படியே பாடின. என் வாழ்நாளில் நான் போட்ட கணக்கு ஒன்று, நான் நினைத்தபடியே நடந்தது அன்றுதான். ஓட்டமாக எங்கள் வீட்டுக்குள் போனேன். மாமா சுவரில் சாய்ந்து, கண் திறந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நம்ம பானையில சத்தம் இருக்குதா?"

"இல்ல மச்சான்."

"பாத்தீங்களா!"

"ரொம்ப நல்லா செஞ்சிருக்க. நம்ம வூட்டுல சத்தமே இல்ல. அதனால ஃபிட்டர் வூட்டுது ஒரு எழுத்து வுடாம கேக்குது. முன்னெல்லாம் நம்ம பானை அத அமுக்கிக்கினு இருந்திச்சு."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் அரைச்செங்கல் சுவர். காதை வைத்துப் பார்த்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. சுவருக்கு எத்தனை ஓம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அக்கா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். இந்த முறை கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த மொத நாளு இருந்திச்சே. இவரு கம்பியப் புடுங்கினாரு, ஆறு வூடும் வாய மூடிக்கிச்சு. இந்த வாரத்துல அவரு தூங்கினது அன்னிக்கு ஒரு நாளுதான். அத மாதிரியே திருப்பி வெச்சிடு."

"அக்கா, அது தப்பான வயரிங்கு. ஒருத்தர் நிறுத்தினா எல்லாருக்கும் நின்னுடும்."

"அதத்தான் கேக்கறேன்."

"புத்தகத்துல அப்படிப் போடலக்கா."

"புத்தகம் எழுதினவன் நைட் ஷிப்டு போயிருக்க மாட்டான்."

நான் என் புதிய படத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து வரைந்த ஆறு சுருள்கள். மனசு வரவில்லை. சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள் என்று அவர்கள்மேல் பழியைப் போட்டேன். "வா, கேப்போம்" என்று அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியானமே ஆறு வீட்டுப் பெண்களும் குழாயடியில் கூடினார்கள். நான் படத்தை விரித்து இரண்டு வயரிங்கையும் விளக்கினேன். யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

"அதாவது எங்க வூட்டுக்காரரு தூங்கினா, நான் ஒத்த ஆளு எல்லார் வூட்டுப் பாட்டையும் நிறுத்தலாம்?" என்று கேட்டாள் ஃபிட்டர் சம்சாரம்.

"ஆமாங்க. அதுதான் அதுல இருக்கிற கோளாறு."

"இதுல என்னாங்க கோளாறு? அடுத்த வாரம் எங்காளுதான் நைட்டு."

மூன்றாவது வீட்டுக்கு அதற்கடுத்த வாரம். ஐந்து வீட்டிலும் ஷிப்டு ஆட்கள். சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் இரவு வரும். ஐந்து பேரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். ஜெனரல் ஷிப்டில் காலையில் போய் மாலையில் வருகிற வீடு ஒன்றே ஒன்றுதான்.

"அதெப்பிடி?" என்றார் கிளார்க் வீட்டம்மா. "எங்க வீட்டுல யாரும் பகல்ல ஒறங்கதில்ல. எனக்குப் பகல் பூராவும் பாட்டு வேணும். ஊர்ல யாரு ஒறங்கினாலும் எங்க பானை வாய மூடணுமா? இந்தா, இப்பந்தான் புதுப்பானை வேற வாங்கியிருக்கேன்."

"பகல்ல வேணாங்க, சாயங்காலம் எல்லாரும் முழிச்சிக்கினு இருக்கும்போது கேப்போம்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் முடியாது."

அக்கா தலையை ஆட்டினாள். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். "சரிங்க. அது உங்க பெட்டி. என் தம்பி கம்பியெல்லாம் அவுத்துடுவான். நாங்க பழையபடி உங்க வூட்டுக்கே வந்து கேட்டுக்கறோங்க. இப்ப மழை வேற புடிச்சிக்கிச்சி."

கிளார்க் வீட்டம்மா தன் வாசலைப் பார்த்தார். அங்கே நேற்று நாற்பது கால்கள் போட்ட கோலம் இன்னும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அந்தத் தப்பு வயரிங்கே இருக்கட்டும். எப்பம் மாத்துவே?" என்றார்.

அரை மணி நேரத்தில் மாற்றினேன். சுருள்களைக் கழற்றும்போது ஆசைப்பட்டு வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுப்பது போல் இருந்தது. ஆனால் சுவிட்சுகளை நல்லதாகவே மாட்டினேன். தள்ளினால் கம்பி அறும், ஆறு பானையும் அடங்கும். மாமாவின் தலைமாட்டிலேயே அவருடையதை வைத்து, எப்படித் தள்ளுவது என்று இரண்டு முறை செய்து காட்டினேன். "புரிஞ்சிது மச்சான்" என்றார்.

வெள்ளிக்கிழமையும் லீவு சொல்லிவிட்டேன். காலை எட்டு மணிக்குக் கிளார்க் வீட்டம்மா ரேடியோவைப் போட்டார். ஆறு பானைகளும் இரண்டு வரி பாடின. பிறகு சட்டென்று வரிசை முழுக்க ஓய்ந்தது. யாரும் வெளியில் வந்து கேட்கவில்லை. ஃபிட்டர் சம்சாரம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். கிளார்க் வீட்டம்மா ஒரு பெருமூச்சு விட்டது எங்கள் வீடுவரை கேட்டது. அவ்வளவு அமைதி.

மெல்ல எட்டிப் பார்த்தேன். மாமா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் மாட்டிய சுவிட்சு தொடாமல் அப்படியே இருந்தது. அதை அவர் நம்பவில்லை. பானையிலிருந்து கம்பியை ஒரேயடியாகப் பிடுங்கி, முனையை முஷ்டிக்குள் இறுக்கி நெஞ்சுமேல் வைத்திருந்தார்.

இரண்டரை மணிவரை அக்கா கதவருகே உட்கார்ந்திருந்தாள். நான் இன்ஸ்ட்ரக்டருக்காகப் படத்தை மூன்றாம் முறையாக வரைந்தேன். திங்கட்கிழமை அவர் அதைப் பார்த்து, "சரமா, சீரீஸ்ல போட்டிருக்கியே, ஒருத்தன் ஆஃப் பண்ணா எல்லாம் போயிடுமேய்யா, இதுகூடத் தெரியாதா?" என்றார். "தெரியும் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வாரம் முடிந்திருந்தது. ஃபோர்மேன் நோட்டில் எழுதிய பெயர் நோட்டிலேயே நின்றுவிட்டது என்று அவருக்கு எங்கே சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு உள்ளே ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது. பிறகு கம்பியைத் திரும்பச் செருகப் பானைமேல் கை தடவும் சத்தம். அடுத்த நொடி, ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில், பாதியிலிருந்து ஒரு பாட்டு கிளம்பியது.

"முழிச்சிக்கினாரு" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிட்டர் சம்சாரம் யாரிடமோ சொன்னாள். அக்கா டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள்.